டொரீனின் இருநூற்றுப் பதின்மூன்று உண்ணிகள்

ஒட்டகத்தின் உடம்பில் உண்ணி இருப்பது குற்றமல்ல. அதைக் கண்டுபிடிப்பதும் குற்றமல்ல. நான் செய்த பிழை, அவற்றை எண்ணியது.

சிட்னியில் நாங்கள் இருக்கிற பென்டில் ஹில்லில் இருந்து மேற்கே ஒரு மணித்தியாலம் கார் ஓடினால் கிரெக்கின் ஒட்டகப் பண்ணை வரும். பதினொரு ஒட்டகங்கள். பாலைப் போத்தலில் அடைத்து, அது உடம்புக்கு நல்லது என்று நம்புகிற சிட்னி ஆட்களுக்கு விற்பது கிரெக்கின் தொழில். கறப்பதும் கழுவுவதும் சாணம் அள்ளுவதும் என்னுடையது. கிளிநொச்சியில் மாடு வளர்த்தவன் என்று சொல்லித்தான் வேலைக்குச் சேர்ந்தேன். மாட்டுக்கும் ஒட்டகத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை என்று கிரெக் சொன்னார். முதல் நாளே ஓர் ஒட்டகம் என் முகத்தில் துப்பி, வித்தியாசம் எவ்வளவு என்று காட்டிவிட்டது.

டொரீன் அப்படிப்பட்டவள் அல்ல. போன வருடக் கடைசியில் குயின்ஸ்லாந்தில் இருந்து லொறியில் வந்தவள். கறந்து முடிந்ததும் தாடையை என் தோளில் வைத்துக்கொண்டு அசைபோடுவாள். எச்சில் சட்டையில் ஊறும். அந்த ஐந்து நிமிடமும் எனக்கு எந்தப் பயமும் இருக்காது. ஒரு நாளில் பயமில்லாத ஐந்து நிமிடம் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று பிரிட்ஜிங் விசா என்கிற தற்காலிக விசாவில் இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

மார்ச் மாதம் அவளின் பால் குறைந்தது. காலையில் நாலு லீற்றர் தருகிறவள் ஒன்றரைக்கு வந்தாள். வைக்கோலை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினாள். கண்ணின் கீழ்மடலை இழுத்துப் பார்த்தேன். சிவப்பாக இருக்கவேண்டிய இடம் வெளிறிக் கிடந்தது. வாலைத் தூக்கினேன். வாலடியிலும் மடியைச் சுற்றியும் தொடை இடுக்கிலும் காதுக்குள்ளும் உண்ணிகள். சில கடுகு அளவு. சில இரத்தம் குடித்து ஆமணக்கங்கொட்டை மாதிரி உப்பியிருந்தன.

கிரெக்கிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"முதலில் பார்த்தவர்தான் ஆணையகத்துக்கு அறிவிக்கவேண்டும், மேட். சட்டம் அப்படி. நான் இன்னும் பார்க்கவில்லை."

பார்க்காமலே மீன்பிடிக்கப் போய்விட்டார்.

வெளியுண்ணிக் கண்காணிப்பு ஆணையகத்தின் படிவம் இருபத்தாறு பக்கம். முதல் எட்டுக் கேள்வியும் என்னைப் பற்றியது. ஒன்பதாவது கேள்வி: 'விலங்கில் காணப்பட்ட உண்ணிகள் எத்தனை?'

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். 2012இல் நான் இந்த நாட்டுக்குப் படகில் வந்தனான். படகில் எத்தனை பேர் என்று முதல் நேர்முகத்தில் கேட்டார்கள். நாற்பத்துமூன்று என்றேன். இரண்டாம் நேர்முகத்திலும் கேட்டார்கள். நாற்பத்துநாலு என்றேன். நடுக்கடலில் ஒரு பிள்ளை பிறந்தது. முதல்தரம் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. பிறகு யோசித்தபோது பாவமாக இருந்தது, எடுத்தேன். விண்ணப்பதாரர் எண்ணிக்கையில் முரண்படுகிறார், ஆகவே அவர் சொல்லும் மற்ற விஷயங்களையும் நம்ப முடியாது என்று எழுதி வந்தது. எந்த அலுவலகம் என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் பயம். அன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருதரம் விசாவைப் புதுப்பித்துப் புதுப்பித்து, வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

அதனால் அரசாங்கம் ஓர் எண்ணைக் கேட்டால் 'கொஞ்சம்', 'நிறைய' என்று நான் எழுதமாட்டேன். டொரீனைக் கட்டி வைத்து எண்ணினேன். முதல்தரம் இருநூற்றொன்பது. இரண்டாம்தரம் இருநூற்றுப் பதின்மூன்று. எனக்கு வியர்த்துவிட்டது. மூன்றாம்தரம் காதுக்குள் விரலை விட்டு, மயிரை விலக்கி விலக்கி எண்ணினேன். இருநூற்றுப் பதின்மூன்று. எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

பின்னேரம் வீட்டுக்கு வந்து மனைவி சயந்தினியிடம் சொன்னேன். அவள் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றாள்.

"நிறைய எண்டு எழுதியிருக்கலாமே?"

"நிறைய எண்டால் எத்தினை எண்டு திருப்பிக் கேப்பாங்கள்."

"கேக்கட்டுமேன். இஞ்சருங்கோ, உங்களுக்கு உண்ணியிலயும் பயம், உண்ணியை எண்ணாமல் விடவும் பயம். இந்தப் பயத்தோட எப்பிடித்தான் நடுக்கடலுக்கு வந்தனீங்களோ தெரியேல்லை."

"அப்ப இந்தளவு பயமில்லை," என்றேன். உண்மையும் அதுதான்.

வெள்ளிக்கிழமை இரண்டு வாகனங்களில் ஐந்து பேர் வந்தார்கள். ஐந்து பேரும் சப்பாத்துக்கு மேலே நீலப் பொலித்தீன் உறை போட்டிருந்தார்கள். தலைமை அதிகாரி மிஸ் ஃபெல்டன் மெலிந்த பெண். எந்தக் கேள்வியையும் புன்னகையோடு கேட்பவர். மொழிபெயர்ப்பாளராக ஈஸ்வரமூர்த்தி அங்கிள் வந்திருந்தார். கொழும்பில் படித்து, எண்பதுகளில் இங்கே வந்து, கோயிலில் முன்வரிசையில் நிற்கிறவர். கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். ஒட்டகத்தில் இருந்து பத்தடி தள்ளி ஒரு கதிரை போடச் சொன்னார்.

"தம்பி, நான் எல்லாத்தையும் 'நான்' எண்டுதான் சொல்லுவன். அது எங்கட தொழில் விதி. குழம்பாதையும்," என்று எச்சரித்துவிட்டு, மிஸ் ஃபெல்டன் ஆங்கிலத்தில் பேசப் பேச, அதிகாரியாக மாறினார்.

"உங்களுக்கு என் வாழ்த்துகள். ஆணையகத்தின் பத்தொன்பது வருட வரலாற்றில் ஒன்பதாம் கேள்விக்கு இலக்கத்தில் பதில் எழுதிய முதல் மனிதர் நீங்கள்."

"மற்றாக்கள் என்ன எழுதுறவை?"

"'ஏராளம்'. 'சில'. ஒருவர் 'அருவருப்பு' என்று எழுதினார். அப்படியான பதில்களைச் சரிபார்க்க முடியாது. ஆகவே விலங்குக்கு மருந்து போட்டுக் கோப்பை மூடிவிடுவோம்."

"அப்ப டொரீனுக்கும் மருந்து போட்டு மூடலாம்தானே?"

அங்கிள் என் கேள்வியை ஆங்கிலத்தில் சொன்னார். மிஸ் ஃபெல்டன் வருத்தத்தோடு தலையசைத்தார்.

"நீங்கள் எழுதியது இலக்கம். இலக்கம் ஒரு வாக்குமூலம். வாக்குமூலத்தை அறுபது நாள் சரிபார்ப்போம். ஒவ்வொரு வெள்ளியும் வந்து எண்ணுவோம். அதுவரை ஓர் உண்ணியும் குறையக்கூடாது, கூடவும் கூடாது. மருந்து கூடவே கூடாது. மருந்து போட்டால் எண்ணிக்கை மாறிவிடும் அல்லவா?"

"ஒட்டகத்துக்கு இரத்தம் வத்துது. ஒரு மிருக வைத்தியரை எண்டாலும் கூப்பிடுங்கோ."

"மிருக வைத்தியர் நிச்சயம் வருவார். உண்ணிகளைப் பார்க்க."

"டொரீனை ஆர் பாக்கிறது?"

மிஸ் ஃபெல்டன் கோப்பைப் புரட்டினார். மற்ற நால்வரும் கிட்ட வந்து எட்டிப் பார்த்தார்கள். பிறகு அங்கிள் மெதுவாகச் சொன்னார்: "இந்தக் கோப்பில் ஒட்டகம் ஒரு தரப்பு அல்ல. ஒட்டகம், இடம்."

"எனக்குப் பயமாக் கிடக்கு, அங்கிள்."

அது என் மனதில் இருந்து வந்தது, மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. தொழில் விதியின்படி அதையும் அவர் மொழிபெயர்த்தார். என் பயத்தை அவ்வளவு அழகான ஆங்கிலத்தில் நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"உண்மை சொல்கிறவர்கள் பயப்படத் தேவையில்லை," என்றார் மிஸ் ஃபெல்டன். படகில் வந்தபோது வைத்த முதல் நேர்முகத்திலும் இதே வசனத்தைச் சொல்லித்தான் தொடங்கினார்கள்.

போகும்போது ஒரு கடிதம் தந்தார்கள். அதில் ஒரு வரி தடித்த எழுத்தில் இருந்தது: 'அறிவிக்கப்பட்ட எண்ணிக்கையை மாற்றுவோர் பற்றி ஏனைய அரச நிறுவனங்களுக்கும் தெரிவிக்கப்படலாம்.' நூறுதரம் வாசித்திருப்பேன். 'ஏனைய' என்ற சொல்லில் எத்தனை அலுவலகங்கள் அடங்கும் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஒன்றே ஒன்றுதான்.

எண்ணியதை மறுபடி எண்ணாமல் இருக்க, உண்ணிகளுக்கு அடையாளம் வைக்கும்படி சொல்லியிருந்தார்கள். சயந்தினியின் கியூட்டெக்ஸ் நகப்பூச்சுப் போத்தலைக் கொண்டுபோய் ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தேன். இருநூற்றுப் பதின்மூன்று பொட்டு. டொரீன் பொறுமையாக நின்றாள். தன் நோயை எடுத்துவிடத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

இரண்டாம் கிழமை ஓர் உண்ணி வயிறு நிரம்பிக் கழன்று விழுந்தது. வாலடியில் ஒரு பொட்டு குறைகிறது! சாணத்தைக் கையால் அளைந்து அரைமணித்தியாலம் தேடினேன். கிடைத்தது. பழைய இடத்திலேயே வைத்து அழுத்திப் பார்த்தேன். அது ஒட்டவில்லை. பயத்தில் நானே ஆணையகத்துக்குத் தொலைபேசி எடுத்து விஷயத்தைச் சொன்னேன்.

நகரத்தில், ஆணையக அலுவலகத்தின் பதினான்காம் மாடியில் எனக்கு 'விலகல் நேர்முகம்' வைத்தார்கள். மேசையில் தண்ணீர் இருந்தது. அது எனக்கா அவர்களுக்கா என்று தெரியாததால் நான் தொடவில்லை.

"அந்த உண்ணி எப்போது ஒட்டகத்தை விட்டுப் புறப்பட்டது?"

"செவ்வாய்க்கிழமை விடிய அஞ்சுக்கும் ஆறுக்கும் இடையில."

"ஏன் புறப்பட்டது?"

"இரத்தம் குடிச்சு முடிஞ்சுது. முட்டை இடுறதுக்கு விழுந்திருக்கும்."

"புறப்படப் போகிறது என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரியுமா? வேறு உண்ணிகள் உடன் சென்றனவா? அது புறப்பட நீங்கள் ஏதாவது உதவி செய்தீர்களா?"

இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் நான் முன்பு ஒருதரம், படகைப் பற்றி, பதில் சொல்லியிருக்கிறேன். வாய் தன்பாட்டில், "மொத்தம் பன்னிரண்டு நாள், சாப்பாடு இல்லை" என்று தொடங்கிவிட்டது. அங்கிள் என்னை ஒரு பார்வை பார்த்து, அதை மட்டும் மொழிபெயர்க்காமல் விட்டார். அவர் விதியை மீறியதை நான் கண்ட முதல்தரம் அது.

இரண்டு மணித்தியாலம் கழித்துத் தீர்ப்புச் சொன்னார்கள். எண்ணிக்கை இன்னும் இருநூற்றுப் பதின்மூன்றுதான். அதில் ஒன்று தற்காலிகமாக ஒட்டகத்துக்கு வெளியே இருக்கிறது. அந்த ஒன்றை ஆணையகமே பொறுப்பெடுத்தது. குளிரூட்டிய வாகனத்தில் ஏற்றி, இருபத்தேழு பாகை வெப்பத்தில் ஈரப்பஞ்சின் மேல் வைத்து, காலையும் மாலையும் ஒரு நிபுணர் வந்து பார்த்தார். அது மூவாயிரம் முட்டை இட்டது. கேள்விப்பட்டதும் எனக்குத் தலை சுற்றியது. மூவாயிரத்து இருநூற்றுப் பதின்மூன்று என்று எழுதவேண்டி வருமோ?

"பதற்றப்படவேண்டாம்," என்றார் மிஸ் ஃபெல்டன். "முட்டை ஓர் எதிர்பார்ப்பு மட்டுமே. எதிர்பார்ப்புகளை ஆணையகம் எண்ணுவதில்லை."

அதற்குப் பிறகு விழுந்தவற்றைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. மற்றொருதரம் அந்தப் பதினான்காம் மாடிக்குப் போனால் செத்துப்போவேன் என்று தோன்றியது. நாளுக்கு ஐந்து விழும். புல்லில் இருந்து பத்து ஏறும். விழுந்ததற்குப் பதிலாகப் புதிதாக ஏறியதற்குப் பொட்டு வைப்பேன். மிச்சத்தைப் பிடுங்கிச் சவுக்காரத் தண்ணீரில் போடுவேன். ஒவ்வொரு வெள்ளியும் மிஸ் ஃபெல்டன் எண்ணி முடித்து, ஆணையகத்தில் இருக்கும் ஒன்றையும் கூட்டி, இருநூற்றுப் பதின்மூன்று என்று எழுதி, எனக்குக் கை தருவார். மிச்சத்தைப் பிடுங்குகிற கைக்கு எல்லாவற்றையும் பிடுங்கத் தெரியாதா? தெரியும். ஆனால் துணிவில்லை. டொரீனின் இரத்தத்தைக் குடித்தவை உண்ணிகள்தான். அவற்றுக்குக் காவல் இருந்தவன் நான்.

ஐம்பத்துமூன்றாம் நாள், திங்கட்கிழமை, அவள் எழும்பவில்லை. கழுத்தை நிலத்தில் நீட்டிக் கிடந்தாள். உடம்பு கொதித்தது. உண்ணிக் கடியால் இரத்தத்தில் காய்ச்சல் பரவும் என்று ஊரில் மாடுகளில் கண்டிருக்கிறேன். ஆணையகத்துக்கு எடுத்தேன். ஒரு பெண்குரல் முழுவதையும் கேட்டுவிட்டு, "உங்கள் கவலை பதிவு செய்யப்பட்டது" என்று சொல்லி, என் கவலைக்கு ஒன்பது இலக்கத்தில் ஓர் எண் தந்தது. கிரெக்கிடம் ஓடினேன். அவர் டொரீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாசல் படலையைப் பார்த்தார்.

"பண்ணைக்கான அனுமதியைப் பறித்துவிடுவார்கள், மேட். என்னால் ஒன்றும் செய்ய முடியாது."

பயந்த வெள்ளைக்காரரை நான் அதுவரை கிட்டத்தில் பார்த்ததில்லை. அது என்னை இன்னும் பயப்படுத்தியது.

செவ்வாய் காலை என்ன வந்தாலும் வரட்டும் என்று பிடுங்கத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, பதினொன்று. சரளைப் பாதையில் வாகனச் சத்தம் கேட்டது. வாளியைக் கவிழ்த்துவிட்டுக் கொட்டிலின் பின்னால் ஒளிந்தேன். வைக்கோல் கொண்டுவந்த லொறி அது. ஆனால் அதற்குப் பிறகு என் கை அவள் பக்கம் போக மறுத்துவிட்டது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது: பிடுங்கிய பதினொன்றுக்கும் பதிலாக வேறு பதினொன்றைத் தேடிப் பொட்டு வைத்தேன். அவள் தாடையைத் தூக்கி என் தோளைத் தேடினாள். எட்டவில்லை. நான் குனிந்து கொடுத்தேன்.

புதன்கிழமை செத்துப்போனாள்.

வீட்டுக்கு வந்து அழுதேன். சயந்தினி என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்று கிழமை கழித்துப் பண்ணையில் ஒரு சிறு விழா வைத்தார்கள். லாமிங்டன் கேக், தேநீர், ஒரு பதாகை. ஆணையகத்தின் பணிப்பாளரே நேரில் வந்திருந்தார். அங்கிள் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இது எங்கள் ஆணையகத்தின் மிகப் பெரிய வெற்றி. அறிவித்த எண்ணிக்கை இருநூற்றுப் பதின்மூன்று. சரிபார்த்த எண்ணிக்கையும் இருநூற்றுப் பதின்மூன்று. கடைசிவரை ஒன்றுகூட வித்தியாசமில்லை. இன்று அந்த இடத்தில் உயிரோடு இருக்கும் உண்ணிகள் எத்தனை? பூச்சியம். நூறு வீத ஒழிப்பு. அதுவும் ஒரு துளி மருந்தைக்கூடப் பாவிக்காமல்."

எல்லோரும் கைதட்டினார்கள். கிரெக்கும் தட்டினார். செத்த உடம்பில் உண்ணி தங்காது. குளிர்ந்ததும் எல்லாம் இறங்கி நடந்துவிட்டன. எங்கே நடந்தன என்று யாரும் கேட்கவில்லை. படிவத்தில் அதற்குக் கேள்வி இல்லை.

எனக்கு ஒரு சான்றிதழ் தந்தார்கள். 'துல்லியமும் நேர்மையும் மிக்க அறிவிப்பாளர்' என்று தங்க எழுத்தில் இருந்தது. அங்கிள் என்னைத் தனியே கூப்பிட்டுத் தோளில் கை போட்டார்.

"தம்பி, இது நான் என்ர வாயால சொல்லுறன். இதைக் கொப்பி எடுத்து உம்மட லோயரிட்டக் குடும். எண்ணிக்கையில நீர் பிழை விடாத ஆள் எண்டு அரசாங்கமே எழுதித் தந்திருக்கு. கேஸுக்கு நல்லா உதவும்."

அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். டொரீன் செத்ததற்குக் கிடைத்த கடுதாசியை மடிக்காமல் கார் இருக்கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அடுத்த நாளே கொப்பி எடுத்தும் கொடுத்தேன். நான் அப்படியான ஆள்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, பக்கத்துத் தடுப்பில் நிற்கிற மார்ஜ் என்ற ஒட்டகம் வைக்கோலை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பியது. வாலைத் தூக்கினேன். இருந்தன.

கொட்டில் கதவைச் சாத்தினேன். பயம் போகவில்லை. ஆனாலும் பிடுங்கினேன். வாலடி, மடி, தொடை, காது என்று விரல் நகம் இரத்தமாகும்வரை பிடுங்கினேன். மனம் தன்பாட்டில் எண்ணத் தொடங்கும்போதெல்லாம் மார்ஜிடம் சத்தமாகக் கதை சொல்லிக் குழப்பிக்கொண்டேன். மத்தியானம் தெருவோரப் பண்ணைக்கடைக்குப் போய், முதுகில் ஊற்றுகிற உண்ணி மருந்து வாங்கினேன். கடைப்பெண் என் பெயரைக் கேட்கவில்லை, விசாவைக் கேட்கவில்லை. மிருகம் பெரிதா சிறிதா என்றுதான் கேட்டாள். பெரிது என்றேன். மார்ஜுக்கு அன்றைக்கே ஊற்றினேன், புதன்கிழமை மற்ற ஒன்பதுக்கும் ஊற்றினேன்.

வெள்ளிக்கிழமை மிஸ் ஃபெல்டன் வந்தார், பண்ணையின் மற்ற ஒட்டகங்களுக்கான படிவத்தோடு. சப்பாத்துக்கு நீல உறை. அங்கிளுக்குப் பத்தடி தள்ளிக் கதிரை. என் கைகளைக் காற்சட்டைப் பைக்குள் ஒளித்தேன்.

"ஒன்பதாம் கேள்வி," என்றார் அங்கிள். "உண்ணிகள் எத்தனை?"

"இல்லை," என்றேன். "ஒண்டும் இல்லை."

அங்கிள் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். பிறகு மொழிபெயர்த்தார். மிஸ் ஃபெல்டன் ஒரு வாலையும் தூக்கிப் பார்க்கவில்லை. புன்னகையோடு பூச்சியம் போட்டு, கையெழுத்து வைத்து, கோப்பை மூடினார்.

பதின்மூன்று வருடத்தில் இந்த நாட்டு அதிகாரி ஒருவருக்கு நான் சொன்ன முதல் பொய் அது. நான் சொன்னவற்றில் அவர்கள் உடனே நம்பியதும் அதை மட்டும்தான்.